சோமாலி தெரிந்த மாப்பிள்ளை

அரைகுறையாக ஒரு பாஷை தெரிந்தவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. எழுபதுகளில் ராயபுரத்தில் அந்த ஆள் நான்தான்.

கப்பல் பழுதாகி மாதக்கணக்கில் இங்கே மாட்டிக்கொண்ட, சோமாலியாவின் பெர்பெரா துறைமுகத்து மாலுமி ஒருவருக்கு டீயும் பீடியும் வாங்கிக் கொடுத்து சோமாலி கற்றிருந்தேன். கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி சப்ளை செய்த அந்தோணி மாமாவின் மகள் ஸ்டெல்லாவுக்கு என்னைப் பிடிக்கும். (மாமாவுக்குத்தான் பிடிக்காது.) அப்போது சோமாலியாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. முதலில் ஏணியேறி சமையல்காரரைப் பேசிப் பிடிப்பவருக்கே ஆர்டர்.

"மெய்யாலுமே அவங்க பாஷை தெரியுமாடா?" என்றார் மாமா.

"தண்ணிபட்ட பாடு மாமா!"

"ஆர்டரைப் புடி. பொண்ணைப் பத்தி அப்பால பேசலாம்."

விடுவேனா? போட்டிக் கடைக்காரனை முந்திக்கொண்டு ஏறினேன். சமையல்காரரிடம் குடும்பம், மழை, ஒட்டகம் என வரிசையாக நலம் விசாரித்தேன். (வியாபாரம் அதற்குப் பிறகுதான் பேச வேண்டுமாம், பெர்பெராக்காரர் சொன்னது.) அவர் முழித்தார். சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று கத்தினேன். கப்பலே திரும்பிப் பார்த்தது. அதற்குள் மேலே வந்த போட்டிக்காரன், துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்த உடைசல் இந்துஸ்தானியில், "பாயி, ஆலூ? பியாஜ்? பக்ரா?" என்று உருளை, வெங்காயம், ஆடு மூன்றையும் கேட்டு முடித்தான். ஆர்டர் கைமாறிவிட்டது!

சமையல்காரர் பாவம், அதே இந்துஸ்தானியில் எனக்கும் விளக்கினார். நான் பேசியது வடக்கே ஒட்டகம் மேய்ப்பவர்களின் சோமாலி. அவரோ தெற்கே, இரண்டு ஆறுகளுக்கு நடுவே சோளம் விதைக்கிற பைதோவா பக்கத்து ஆள். அவர் பேசுவது மாய் என்கிற பாஷை. (இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், எப்போதோ தனிக்குடித்தனம் போனவை. அக்கம்பக்கத்து அஃபார், ஒரோமோ பாஷைகளெல்லாம் அதற்கும் முன்பே பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள். இதெல்லாம் பிற்பாடு தேடிப் படித்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா?)

கீழே இறங்கி மாமாவிடம் வடக்கு, தெற்கு என்று ஆரம்பித்தேன்.

"கதை வுடாதடா! திர்நவேலிக்காரன் பேசினா எனுக்குப் புரியலியா? பொண்ணும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. போ!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாவுக்குச் சோறு கொண்டுவந்து, கரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த ஸ்டெல்லாதான் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நைனா, அத்தினி பேரு எதிர்ல வெக்கமில்லாம கத்திகினு நின்னுச்சே, யாருக்கோசரம்? எனுக்கோசரந்தானே? அதையே கட்டிக்கிறேன்."

மாமா தலையிலடித்துக்கொண்டே பாதிரியாரைப் பார்க்கக் கிளம்பினார். கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் அவள் தேங்காய் வாங்கி வரச் சொல்லும்போது நான் காதில் விழாதவன் மாதிரி பேப்பரைப் புரட்டினால், அடுக்களையிலிருந்து குரல் வரும்:

"இன்னாய்யா, நான் இன்னா தெக்கத்தி சோமாலியா பேசிகினு கீறேன்?"