புறமுதுகில் வெட்டுப்பட்டவன் வீட்டுப் பெண்

கியோத்தோ,
நவம்பர் கடைசி.

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தம்பி தெய்ஜி தலை தாழ்த்தி எழுதுவது. கனசாவாவில் முதல் பனி விழுந்திருக்கும். அத்தானின் இடுப்பு வலி தேவலையா? இங்கே மேப்பிள் இலைகள் சிவந்துவிட்டன. சினிமா ஸ்டுடியோவின் மண்தரையும் சில்லிட்டுவிட்டதால், செத்துக் கிடக்கும்போது தும்மல் வருகிறது. மற்றபடி நலம்.

என் மகள் மிச்சியோவின் கல்யாணப் பேச்சு முறிந்ததைத் தந்தியில் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. பையன் ஷூன்ஜி தங்கமானவன். அவன் அப்பா நகாதானிதான் சிக்கல். டோஃபு கடைக்காரர், சாமுராய் படம் ஒன்றுவிடாமல் பார்ப்பவர். பெண் பார்க்க வந்தவர் பெண்ணை விட்டுவிட்டு என் பின்னங்கழுத்து மச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். "பாலத்துல வெட்டுப்பட்டீங்க, கோயில் வாசல்ல வெட்டுப்பட்டீங்க. எல்லாமே முதுகுல. புறமுதுகு காட்டினவர் வீட்டுல சம்பந்தம் வச்சா எங்க வம்சத்துக்கு என்ன மரியாதை இருக்கு?" அவர் வம்சம் ஐந்து தலைமுறையாக டோஃபுவுக்குச் சோயா அரைத்த வம்சம், அக்கா.

சினிமாவில் கூலிக்குச் சாகிறவன் காமிராவுக்கு முகம் காட்டக் கூடாது, காட்டினால் அதே படத்தில் மறுபடி சாக முடியாது, முதுகைக் காட்டியதால்தான் என் பெண்ணைப் படிக்க வைத்தேன் என்று எவ்வளவோ சொன்னேன். "சாமுராய்க்கு ஏதுங்க காமிரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மிச்சியோ மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சரி, ஒரே ஒரு தடவை மார்பில் வெட்டு வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்து, படப்பிடிப்பு பார்க்க வாருங்கள் என்று அவரை அழைத்தேன். கோட்டை முற்றத்துக் காட்சி. கதாநாயகர் வெள்ளித்தாள் ஒட்டிய மூங்கில் கத்தியை ஓங்கினார், நான் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டு, முகம் முழுக்கக் காமிராவுக்குத் தெரிய மல்லாக்க விழுந்தேன். டைரக்டர் கத்தினார்: "யோவ் தெய்ஜி, காலையில பாலத்துல செத்தவன்தானே நீ? மத்தியானம் கோட்டைக்கு எப்படிய்யா வந்தே?" அதற்குள் நகாதானி, குடும்பச் சின்னம் போட்ட கறுப்பு மேலங்கியும் கடை ரப்பர் பூட்ஸுமாக உள்ளே ஓடிவந்து, என் பக்கத்தில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்துவிட்டார். "சம்பந்தி, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் தலையைத் தூக்கமாட்டேன்."

நான் எப்படிச் சொல்வேன்? 'கட்' சொல்லாமல் பிணம் பேசினால் என் தொழிலுக்கு என்ன மரியாதை? டைரக்டரோ திறந்த வாயை மூடாமல் நிற்கிறார், கட் சொல்ல மறந்துபோச்சு. கதாநாயகர் ஓங்கின கத்தியை எங்கே வைக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறார். எனக்குத் தும்மல் வேற. காமிராவில் பிலிம் தீர்ந்த பிறகுதான் நான் உயிரோடு எழுந்தேன். "வசந்தத்துல கல்யாணத்தை வச்சுக்கலாம்" என்று அழுதார் மனிதர். நானும் அழுதேன்.

ஆகவே அக்கா, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுங்கள். அத்தான் பாடியே ஆகவேண்டும், பாட்டை நிறுத்த ஆள் நான் ஏற்பாடு செய்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சளி பிடிக்காமல் குளிர்காலத்தைக் கடக்க வேண்டிக்கொள்ளும்,

தம்பி தெய்ஜி.

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் நகாதானி வந்தார். அவர் மண்டியிட்டது டைரக்டருக்குப் பிடித்துப்போய், அவருக்கும் வெட்டுப்பட்டுச் சாகிற வேலை கொடுத்துவிட்டாராம். இன்றைக்கு அவருடைய முதல் வெட்டு. முதுகில். "நெஞ்சுல வெட்டு வாங்கினவர் வீட்டுல சம்பந்தம் பண்ண எனக்கு இனிமே தகுதி இல்லீங்க" என்று என் வாசலில் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டார். அப்படிச் சொல்லாதீர்கள் என்று நானும் வைத்தேன். யார் முதலில் எழுந்தாலும் மரியாதைக் குறைவு. மிச்சியோ எங்களைத் தாண்டிப் போய்ச் செருப்பு மாட்டினாள். "நீங்க ரெண்டு பேரும் சாவகாசமா செத்துட்டு வாங்கப்பா. ஷூன்ஜி வார்டு ஆபீஸ் வாசல்ல நிக்கிறார், நாங்க போய்க் கல்யாணத்தைப் பதிஞ்சுக்கறோம்."

நகாதானி இன்னும் எழவில்லை. இதைத் தரையோடு தரையாகக் குனிந்தபடி எழுதுகிறேன். எழுத்துக் கோணலை மன்னிக்கவும்.