ஏழு தையலும் ஒரு குடியுரிமையும்

தென் பிரான்ஸ்,
படைமுகாம் சமையற்கூடம்,
பருப்பு வேகும் நேரம்.

மூன்று பதக்கங்களுக்கும் இரண்டு எருமைகளுக்கும் ஒரே ஒரு பெண்ணுக்கும் உடையவரான, ஓய்வுபெற்ற ஹவில்தார் நைனசிங் ராணா மாமா அவர்களின் கால்தொட்டு, தங்கள் அக்காள் மகன் தில்விக்ரம் ஆலே எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி இங்குள்ள மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்திக் கொடுக்கிறார். ஆகையால் அதில் சந்தேகப்பட எனக்கு உரிமையில்லை.

தங்கள் கடிதம் நேபாளத்திலிருந்து நான்கு வாரம் பயணம் செய்து நேற்று வந்து சேர்ந்தது. "தசைன் பண்டிகைக்குள் காகிதம் வந்தால் பெண் உனக்கு. வராவிட்டால் தான்சேனில் கணக்கு வாத்தியார் ஒருவர் கேட்டிருக்கிறார். எருமை கன்று போட்டது. மழை போதாது. உன் அத்தைக்கு முழங்கால் வலி. ஜெய் ஹிந்த்." இவ்வளவுதான் இருந்தது. இந்திய ராணுவத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர் எழுதும் கடிதம் அப்படித்தான் இருக்கும். நான் பிரான்ஸ்காரரின் அயல்நாட்டார் படையில் ஒன்பது வருடம்தான் இருக்கிறேன், அதனால் என் கடிதம் நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் மகள் சுன்கேசரியை எனக்குப் பேசி வைத்து ஆறு வருடம் ஆகிறது, இன்னும் அந்தக் குடியுரிமைக் காகிதம் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பேறித்தனம் என்று தாங்கள் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பதும் காதுக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டுத் தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இந்தப் படையில் மூன்று வருடம் ஒழுங்காக இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேரும்போதே சொன்னார்கள். விண்ணப்பிக்கலாம் என்பதற்கும் கிடைக்கும் என்பதற்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பிரிட்டிஷ்காரர் தங்கள் படைக்கு நம் ஊரில் நடத்திய ஆளெடுப்பில் இருபத்தைந்து கிலோ மண்கூடையை முதுகில் கட்டி மேட்டில் ஓடவிட்டார்களே, நான் நாற்பது விநாடி பிந்தி வீடு திரும்பினேனே, அந்த மேடு இதற்கு முன் வெறும் வரப்பு. போகட்டும். படையில் சேருகிறவன் தன் பழைய பெயரைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். என் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்த அதிகாரி, "தாமிர் அல்தான், பிறந்த ஊர் உலான்பாதர், மங்கோலியா" என்று எழுதிவிட்டார். நானும் சரி என்றேன். மூன்று மாதம் கழித்து நிஜமான மங்கோலியன் ஒருவன் வந்து சேர்ந்தான். என் பெயரைக் கேட்டதும் கட்டிப்பிடித்து அழுதான். தன் மொழியில் அரைமணி நேரம் பேசினான். பாவம், ஊர் ஏக்கம், கெடுப்பானேன் என்று நானும் தலையாட்டினேன். ஆட்டியதில் எதற்கோ சம்மதம் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் அவன் தங்கையின் புகைப்படத்தோடு வந்து நின்றான். சுன்கேசரிக்கு இது தெரிய வேண்டாம்.

குடியுரிமை கேட்பதற்கு முன் சொந்தப் பெயரைத் திரும்ப வாங்க வேண்டும். சொந்தப் பெயர் வாங்க, நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும். தாங்கள் அனுப்பி வைத்த பிறப்புப் பதிவையும் பள்ளிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு எழுத்தர் ரசோலோவிடம் போனேன். அவன் மடகாஸ்கர்க்காரன், நல்லவன், ஆனால் காகிதத்தை வாசிக்கிற ஆள். அந்த இடத்தில்தான் என் கஷ்டம் ஆரம்பித்தது.

"தம்பி, நீ இன்னும் பொறக்கவே இல்லையே" என்றான்.

"என்னப்பா சொல்றே?"

"ரெண்டாயிரத்து நாப்பத்து நாலுன்னு போட்டிருக்கு. இருந்து பொறந்துட்டு வா."

அது எங்கள் ஊர்ப் பஞ்சாங்கம், அதில் ஐம்பத்தேழு வருடத்தைக் கழிக்க வேண்டும் என்று விளக்கினேன். அவன் விரல்விட்டுக் கழித்தான். பிறகு பள்ளிச் சான்றிதழைப் பிரித்தான். அதில் நாற்பத்தாறு என்று இருந்தது.

"இதுல ரெண்டு வயசு கொறையுது. படையோட தாள்ல ரெண்டு வயசு கூட. மொத்தத்துல நீங்க மூணு பேரு. மூணு பேருக்கும் சேர்த்து ஒரு பாஸ்போர்ட்டு குடுக்க மாட்டாங்க."

மாமா, பிரிட்டிஷ் ஆளெடுப்பில் வயது தாண்டிவிடக் கூடாது என்று தலைமையாசிரியருக்கு ஒரு சேவலைக் கொடுத்து அந்த இரண்டு வயதைக் குறைத்தவர் தாங்களே என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன். குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சேவல் எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது. மொழிபெயர்ப்பாளர், தூதரகம், மறுபடி மொழிபெயர்ப்பாளர், "இந்த மூவரும் ஒருவரே" என்று கிராம அலுவலகத்திலிருந்து கடிதம், அந்தக் கடிதத்தில் என் பெயரைத் தில்விக்ரமுக்குப் பதில் தில்மாயா என்று அடித்துவிட்டதால் நான் ஆண்தான் என்று இன்னொரு கடிதம். ஒருவழியாகப் பெயர் திரும்பி வந்தது. முகாமில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். மங்கோலியன் மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அதற்குள் எங்களை ஆப்பிரிக்காவின் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நான் செய்த வீரத்தைத் தங்களுக்கு எழுதவேயில்லை, இப்போது எழுதிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நூற்றிருபது பேருக்கு விருந்து, சமையல் என் பொறுப்பு. சந்தையில் வாங்கி வந்த ஆட்டைப் பிடித்துக் கத்தியை எடுத்தேன், அது என்னைவிட முன்யோசனை உள்ள பிராணி. முட்டியது. கத்தி என் இடது உள்ளங்கையில் இறங்கியது. ஏழு தையல். பிரான்ஸ் முகாமுக்குத் திரும்பியதும் ரசோலோ அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுக் குதித்தான்.

"அடேய், உனக்குச் சட்டமே இருக்கு! களத்துல அடிபட்டு ரத்தம் சிந்தின வெளிநாட்டுக்காரனுக்கு நேரா குடியுரிமை குடுக்கணும். வரிசையே கிடையாது!"

"இது ஆடு முட்டினதுப்பா."

"களத்துல முட்டுச்சா இல்லையா?"

"களத்துலதான் முட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். தசைன் நெருங்கிக்கொண்டிருந்தது, தாங்கள் அந்த வருடமும் இதே மாதிரி ஆறு வரி எழுதியிருந்தீர்கள். கமாண்டர் கூப்பிட்டார். நல்ல மனிதர், என் பருப்புக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதிரித் தரப்புல எத்தனை பேர்?"

"ஒண்ணுதான் ஐயா."

"ஆயுதம்?"

"கொம்பு ஐயா."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா, அப்புறம் பார்ப்போம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ராணுவ மருத்துவமனைக்குப் போனேன். அங்கே தாழ்வாரத்தில் எவரால்டோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இவன் பிரேசில்காரன், எங்கள் லாரி ஓட்டுநர். நான் ஆட்டோடு மல்லுக்கட்டிய அதே மாதம் அவன் லாரி கண்ணிவெடியில் ஏறியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"என்ன சமையல்காரா, என்னைப் பாக்கவா வந்தே?"

"ஆமா" என்று பொய் சொன்னேன்.

"எனக்குக் காகிதம் வந்துடுச்சு, தெரியுமா? தலைமாட்டுல கொண்டாந்து வெச்சுட்டுப் போனாங்க. கமாண்டர் சல்யூட்டெல்லாம் அடிச்சார்." மடியிலிருந்த உறையைத் தட்டிக் காட்டினான். "காகிதம் வந்துடுச்சு. காலுதான் வரல. அது சரி, கையில என்ன தழும்பு?"

"ஆடு முட்டிடுச்சு."

அவன் சிரித்தான் பாருங்கள் மாமா, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான், செவிலி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "போடுடா விண்ணப்பம், நீயும் போடு! நாட்டுக்காக ஆட்டோட சண்டை போட்டேன்னு எழுது!" என்றான். பிறகு சிரிப்பு தானாக நின்றது. "அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன், பிரெஞ்சுக்காரன் ஆயிட்டேன்னு. தெருவுக்கே கேக் வாங்கிக் குடுத்திருக்கா. கால் விஷயம் இன்னும் சொல்லல" என்றான்.

நான் டாக்டரைப் பார்க்கவில்லை. வெளியே வந்து அந்தத் தாளை நான்காகக் கிழித்தேன், நான்கும் பெரிதாகத் தெரிந்தது, எட்டாகக் கிழித்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் யாரிடமும் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லை. தாங்கள் சோம்பேறித்தனம் என்று சொன்னது அந்த ஆறு மாதத்தைத்தான் என்றால், அது நியாயம்தான்.

பிறகு எல்லாரையும் போல வரிசையில் நின்றேன். போன மாசியில் நேர்காணல். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். நதிகளின் பெயர் கேட்டார், சொன்னேன். அரசனின் தலையை எந்த வருடம் வெட்டினார்கள் என்று கேட்டார், சொன்னேன். "ஏன் இந்த நாட்டுக் குடியுரிமை வேணும்?" என்றார். ரசோலோ அதற்கு ஒரு பதிலை மனப்பாடம் செய்ய எழுதிக் கொடுத்திருந்தான். சுதந்திரம், சமத்துவம் என்று இரண்டு வந்தது, மூன்றாவது வரவில்லை. பொய் சொல்லவும் தெம்பில்லை. "என் மாமா பொண்ணைக் கட்டிக்கறதுக்கு அம்மா" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மாமான்னா... சொந்த மாமாவா?"

"அம்மாவோட கூடப்பொறந்த தம்பி."

"அய்யய்யோ!"

எங்கள் மகர் இனத்தில் மாமன் மகள்தான் முறை, வேறு பெண்ணைக் கேட்டால்தான் மாமன் சண்டைக்கு வருவார் என்று கால்மணி நேரம் விளக்கினேன். மங்கோலியனுக்கு நான் தலையாட்டியது போலவே அவரும் தலையாட்டினார். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"மாமாகிட்ட கேட்டிருக்கேன்."

"மாமாவை விடுங்க. அவங்ககிட்ட?"

எனக்குப் பிரெஞ்சு வரவில்லை என்று நடித்தேன். அது தப்பாகப் போயிற்று, அதையும் எழுதிக்கொண்டார். கடைசியாக, இது கிடைத்தால் நேபாளக் குடியுரிமை போய்விடும், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். தெரியும்தான். ஆனால் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் நின்றது மாமா. தாங்கள் இருபத்தெட்டு வருடம் அடுத்த நாட்டுக்காகப் பனிமலையில் நின்றீர்கள், காகிதம் மட்டும் வீட்டுப் பெட்டியில் நம் ஊர்க் காகிதமாகவே இருந்தது. என் முறை வேறு மாதிரி ஆகிவிட்டது.

பதில் போன வாரம் வந்தது. மறுக்கவில்லை. இரண்டு வருடம் ஒத்திவைத்திருக்கிறார்கள். காரணம், மொழியறிவு போதாது. நியாயம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு படையின் பிரெஞ்சு. வெங்காயம், சீக்கிரம், தரையைத் துடை, சரி ஐயா. இந்த நாலு சொல்லை வைத்தே ஒன்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டேன். இப்போது வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் போகிறேன். முப்பத்தொன்றோ இருபத்தொன்பதோ முப்பத்துமூன்றோ வயதில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து வினைச்சொல் படிக்கிறேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இரண்டே வருடம். கணக்கு வாத்தியாரிடம் பதமாகச் சொல்லி வையுங்கள். சுன்கேசரி காத்மாண்டு வகுப்பு முடிந்து திரும்பியதும் அவளைத் தங்கள் வீட்டிலேயே, தங்கள் கண் பார்வையிலேயே பத்திரமாக வைத்திருங்கள். அவள் இதற்கெல்லாம் அவசரப்படுகிற பெண் இல்லை, பொறுமைசாலி, தாங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வாள். நானும் களைத்துவிட்டேன் மாமா, ஆனால் நடுமேட்டில் கூடையை இறக்கி வைக்க முடியாது.

அத்தையின் முழங்காலுக்கு இங்கிருந்து தைலம் அனுப்பியிருக்கிறேன், மூன்று விரல் அளவு தடவினால் போதும். கன்றுக்குட்டி நன்றாகப் பால் குடிக்கட்டும், மழை தேவையான அளவு பெய்யட்டும், தசைனன்று தாங்கள் வைக்கும் திலகத்தில் என் பங்கை என் அம்மாவின் நெற்றியில் வைத்துவிடுங்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன் (இரண்டு வருடம் கழித்து),
கார்ப்போரல் தில்விக்ரம் ஆலே

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சுன்கேசரி போன் செய்தாள். காத்மாண்டுவில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்றல்லவா தாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போர்த்துகல்லில் இருக்கிறாளாம். வந்து மூன்று வாரம் ஆகிறதாம். பிளாஸ்டிக் கூரைக்கடியில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறாள். "நீ துப்பாக்கியைத் தூக்கிட்டு வாங்கற காகிதத்தை நான் கூடையைத் தூக்கிட்டே வாங்கிடுவேன். இங்க ஆறு வருஷம் இருக்கணும், அவ்வளவுதான். பழம் நசுங்காம இருந்தாப் போதும், யாரையும் சுட வேண்டாம்" என்றாள். வாத்தியார் என்ன ஆவார் என்று கேட்டேன். "அவருக்குக் கணக்கு தெரியும், புரிஞ்சுக்குவார்" என்றாள். என் லீவு எப்போது என்று கேட்டாள், சொன்னேன். போர்த்துகல்லுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஆகவே மேலே எழுதியிருப்பதில் இரண்டு வருடம் கேட்டதையும், கண் பார்வையில் வைத்திருக்கச் சொன்னதையும், பொறுமைசாலி என்றதையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, பருப்பு அடிப்பிடிக்கிறது. கோபம் வந்தால் எனக்கே எழுதுங்கள் மாமா. அவளுக்கு எழுத வேண்டாம், அவள் விடியற்காலை நாலரைக்கு வேலைக்குப் போகிறாள், கை முழுக்கக் கொப்புளம் என்றாள்.