மீசைக் கெளுத்திக்கு மாற்று ஆள்

அன்பிலும் பொறுமையிலும் உயர்ந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் முட்டைகளும் சுகம். உங்கள் அக்காவும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் பலமாகவே கேட்கிறது. அங்கே நீங்களும் வீட்டாரும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வண்டி எடுத்துக்கொண்டு வந்து உங்கள் அக்காவை ஒரேயடியாக அழைத்துப் போகப் போவதாகக் கேள்வி. தயவுசெய்து வர வேண்டாம். நடந்ததை முழுக்கப் படித்துவிட்டு, என் மேல் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

வங்கி வாசலில் முப்பத்தொரு வருடம் காவல் நின்றுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்தவனுக்குக் கை கால் ஓடவில்லை. "எதையாவது வளர்த்துத் தொலைங்களேன்" என்று சொன்னதே உங்கள் அக்காதான். இப்போது கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். இரண்டு பேருமாக அலங்கார மீன் கடைக்குப் போனோம். முதலில் காட்டியது கண்ணாடிக் கெளுத்தி. உடம்புக்குள் முள்ளெல்லாம் தெரிந்தது. "எக்ஸ்ரேவுக்கெல்லாம் என்னால சோறு போட முடியாது" என்றாள். அடுத்தது மல்லாந்தே நீந்தும் கெளுத்தி. அது எனக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. மூன்றாவது தொட்டியில், மூஞ்சி முழுக்க மீசை முளைத்த கறுப்புக் கெளுத்தி ஒன்று, மண் குழாயின் வாயில் அசையாமல் நின்றது. நான் நகர்ந்த பக்கமெல்லாம் அதன் கண் நகர்ந்தது. நம்ம ஆளு என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். ஜோடியையும் குழாயையும் கட்டிக் கொடுத்த கடைக்காரர், "முட்டை போட்டதும் பொட்டை மீன் கிளம்பிடும் சார். ஆம்பளைதான் சோறு தண்ணி இல்லாம வாசல்ல நின்னு வாலால விசிறிக்கிட்டே இருக்கும். அப்ப அதுமேல இரக்கம் மட்டும் காட்டிடாதீங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

மழை வந்துவிட்டது என்று நம்பினால்தான் மீன் முட்டை போடுமாம். அதற்காகக் குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினேன். மூன்றாவது வாரம் குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் மிளகு அளவில் முட்டைகள். தொட்டி வைத்த அறைக்கு வருவோர் பதிவேடு ஒன்று போட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னதற்கு உங்கள் அக்கா கத்தினாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. ஆண் மீன் மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. ஆறு நாள் பட்டினி. வெள்ளரித் துண்டைப் பக்கத்தில் வைத்தும் திரும்பவில்லை, வயிறு ஒட்டிப்போச்சு. எனக்கு மனசு கேட்குமா மச்சான்? எங்கள் உத்தியோகத்தில் மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. அந்த வலி எனக்குத்தானே தெரியும்! பழக்க தோஷத்தில் இடது கையைத் தண்ணீருக்குள் விட்டு, "நான் வந்துட்டேன், நீ போய்ச் சாப்பிட்டு வா" என்று சொல்லித் தொலைத்தேன். அது என்னை ஒரு பார்வை பார்த்தது. விலகிப் போய் வெள்ளரியை நிதானமாகத் தின்றது. அப்புறம் எதிர்க் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றுவிட்டது. இன்றைக்கு ஒன்பதாம் நாள். திரும்பி வரவில்லை.

கையை எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். எடுத்துப் பார்த்தேனே! ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற நேரத்துக்குள்ள அத்தனை முட்டையும் பேயறைஞ்ச மாதிரி வெளுத்துப்போச்சு. அடிச்சுப் பிடிச்சுக் கையை விட்டு விசிறினப்புறம்தான் நிறம் வந்துது. தூங்கினாலும் கை தானா ஆடிக்கிட்டு இருக்கு. பொரிய வேண்டிய நாளும் தாண்டிப்போச்சு. பொரியவும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை. முந்தாநாள்லேர்ந்து முட்டைக்குள்ள கண்ணு தெரியுது. நான் எந்தப் பக்கம் சாயறேனோ அந்தப் பக்கம் அத்தனை கண்ணும் திரும்புது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "வாயால சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

உங்கள் அக்கா அறைக்குள்ளேயே வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்து விளக்குமாற்றால் தள்ளிவிடுகிறாள். நேற்று அங்கே நின்றபடியே, "நான் காய்ச்சல்ல கிடந்தப்ப இந்தக் கை ஒரு தடவையாவது என் நெத்தியைத் தொட்டுப் பாத்துதா?" என்று கேட்டாள். அன்றைக்கும் நான் வங்கி வாசலில்தான் நின்றிருந்தேன். அவள் போய்விட்டால் நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்து தடுக்கக்கூட முடியாது மச்சான், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், அவளை அழைத்துப் போக வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். வலது கையால் செய்கிறேன், குறையொன்றும் இல்லை. பெரியவர்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. வலது கை தண்ணீரில் இருப்பதால் இடது கையால் கிறுக்குகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தபாலில் போடச் சொல்லி இவர் கொடுத்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டேன். மனசு இளகிப்போச்சு. உள்ளே போய்ப் பார்த்தால் கை முழங்கை வரைக்கும் வெளுத்துச் சுருங்கியிருந்தது. என்ன இருந்தாலும் என் புருஷன்தானே! "தள்ளுங்க, நான் பாத்துக்கறேன், போய் ஒரு வாய் சாப்பிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை எழுந்து போனவர். ஹாலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. கூப்பிட்டால் சிரிக்கிறார், எழுந்து வருவதில்லை. இன்றைக்கு வியாழன். ஜன்னல் வழியாகத் தபால்காரரிடம் இதைக் கொடுக்கிறேன். அத்தான் எழுதியதை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே, கட்டாயம் வா. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. வண்டி வேண்டாம், நான் எங்கேயும் வரப்போவதில்லை. நீ மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா.