காப்புக் கட்டியவன் கிள்ளான் போன கதை

பீற்றிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தன் பிறக்கவில்லை. அந்த வாய்தான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருஷம் எங்கள் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. இறங்கினால் எங்கள் வீட்டிலிருந்து மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பதாக என் மனைவி செல்லம்மா நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தாள். நேர்ந்தது அவள்; "கரகம் ஆம்பளைதான் எடுக்கணும்" என்று நெஞ்சை நிமிர்த்தியது நான். அவள் முளைப்பாரி எடுப்பதோடு நின்றுகொண்டாள். பூசாரி இருவருக்கும் மஞ்சள் காப்புக் கட்டினார்.

"அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினா விரதம் போச்சு."

"நானாவது, தாண்டறதாவது!" என்றேன்.

கரகத்தன்று காலை கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சரக்கு ரயிலில் பூக்கூடைகள் வந்தன. இறக்கியதும் வண்டி கிள்ளானுக்கே திரும்பிவிடும். இறக்கப் போனேன். கூடைகள் இறங்கின, நான் இறங்கவில்லை. ரயில் கார்டு மாணிக்கம் அண்ணனிடம் மணிக்கட்டை நீட்டி, "இத்தனை பேர் இருக்க ஆத்தா என்னைத்தானே கூப்பிட்டா?" என்று அளந்துகொண்டிருந்தேன். அவர் பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே கேட்டார். (எதுக்கு ஆட்டுறாருன்னு ஒரு ரயில்வேக்காரனுக்குத் தெரிய வேண்டாமா?)

லயத்துக் கூரைகள் பின்னால் ஓடியபோதுதான் உறைத்தது. "ஐயோ அண்ணே, காப்பு!" என்று குதிக்கப் போனேன். அவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். (நான் வண்டியில நின்னேன். வேட்டி அவர் கையில நின்னுச்சு.)

"காப்பு போனா அடுத்த வருஷம் கட்டிக்கலாம். கால் போனா?" என்றார். வண்டி கிள்ளானில்தான் நின்றது.

மதிய ரயிலில் திரும்பி ஆற்றங்கரைக்கு ஓடினேன். கரகம் ஜோடித்துத் தயாராக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பூசாரி என் காப்பை அறுத்து ஆற்றில் போட்டார். செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. நேர்ச்சை நின்றுபோனால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அவள் கண் மகளையே தேடியது. அதைப் பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது.

அவள் முளைப்பாரியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். "நேர்ந்தவ நான். எல்லையும் தாண்டலை. எங்கிட்ட கொடுங்க சாமி."

"பொம்பளை எடுக்கிற வழக்கம் இங்க இல்லையே" என்று ஒரு பெரிய மனுஷர் இழுத்தார்.

பூசாரி திரும்பினார். "கரகத்துல வந்து உட்காரப்போறது யாருய்யா, ஆத்தாவா, உங்க மாமனா?"

பெரிய மனுஷரே நகர்ந்து வழிவிட்டார்.

உடுக்கை அடித்ததும் செல்லம்மா தலையில் கரகம் ஏறியது. கையை விட்டுவிட்டு நடந்தாள். தண்டவாளத்தைக் கடந்தபோதுகூட ஒரு சொட்டுத் தண்ணீர் தளும்பவில்லை. பெண்கள் அவள் காலில் ஊற்றிய மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து கொடுத்தவன் நான். வெட்கத்தில்தான் அழ ஆரம்பித்தேன். கோயில் வருவதற்குள் அது பெருமையாகிவிட்டது. ஆத்தா ஆளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

அதன்பின் ஆடிதோறும் அவள்தான். இன்றும் காப்புக் கட்டும் நாளில் பேரப்பிள்ளைகள் கயிறு கொண்டுவந்து என்னைக் கட்டிலோடு கட்டுகிறார்கள், கிள்ளானுக்குப் போய்விடுவேனாம்.

மகள் வளர்ந்தபின் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் பெயரைச் சொல்லி லயம் முழுக்க விசாரித்தார்களாம். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில், "ஓ, கரகத்தம்மா வீடா!" என்று பத்துப் பேர் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"நீங்க யாருங்க?" என்று சம்பந்தி கேட்டார்.

"கரகத்தம்மா புருஷன்" என்றேன். அதற்குமேல் பீற்றிக்கொள்ள எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.