முன்னால் ஒன்பது, இடப்பக்கம் நாலு

எங்கள் வீட்டில் சொன்னதைச் செய்கிற சாமான் ஒன்றுதான். அலுமாரிக்கு மேலே, நான் கட்டிக் கிழிந்த பழைய சாரத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு விளையாட்டுக் கார்.

விளையாட்டு என்று யாரும் சிரிக்க வேண்டாம். எண்பதாம் ஆண்டு, எனக்குப் பதினாலு வயது. அப்பா துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டினார். ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரன், அப்பா கொடுத்த ஒரு குலைச் செவ்விளநீருக்குப் பதிலாக இதைக் கொடுத்தான். முதுகு முழுக்கப் பொத்தான்கள். முன்னால், ஒன்பது என்று அமத்தினால் தன் நீளத்தில் ஒன்பது மடங்கு போகும். இடப்பக்கம் என்றால் திரும்பும். பதினாறு கட்டளை ஞாபகம் வைத்திருக்கும். கடைசியில் சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். ஏன், எதற்கு என்று கேட்காது.

தொண்ணூறில் யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினோம். நான் காரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் மனைவி ஞானமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இன்றுவரைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். இரண்டும் பத்திரமாகத் திரும்பி வந்ததைச் சொல்வதில்லை.

எனக்கும் ஞானமணிக்கும் சண்டை கண்ணில் தொடங்கியது.

நான் முப்பத்துநாலு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அறுபது அடி உயரத்தில் இருந்து, கீழே நின்று சைகை காட்டுகிற கூட்டாளி பக்கீரின் விரலைப் பார்த்துப் பாரம் இறக்கியவன். கண்ணால் சோறு தின்றவன். அந்தக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதாம். ஒப்பரேசன் செய்ய வேண்டுமாம். கோயிலடியில் நடந்த கண் முகாமில் டொக்டர் சொன்னார். அன்றிலிருந்து ஞானமணியும் அதையே சொல்கிறாள்.

உள்ளதைச் சொல்கிறேன். பயம். கண்ணில் போட்ட கட்டை அவிழ்க்கிற நேரம் இருட்டாகவே இருந்தால்? இப்போது மங்கலாகவாவது ஞானமணியின் முகம் தெரிகிறது. இதை அவளிடம் சொல்ல ஏலுமா? சத்தம் போட்டேன்.

"எனக்குக் கண் நல்லாத் தெரியும்!"

"அப்ப கொடியில காய்ஞ்ச சேட்டுக்கு 'வாங்கோ தம்பி' எண்டு சொன்னது ஆர்?"

"ஒரு மரியாதைக்குச் சொன்னனான்."

"சேட்டுக்கோ?"

"அந்தக் காரைப் பார். நாப்பத்தஞ்சு வருசம். ஏதும் ஒப்பரேசன் செய்தனானோ?"

"செய்யேல்லை. ஓடுதோ?"

"ஓடும்!"

"முன்வாசலில இருந்து குசினி வாசல் மட்டும் ஓடுமோ?"

"வெறுங் கோப்பையைச் சுமந்துகொண்டு வந்து தேத்தண்ணி கேக்கும்!"

"ஓடிச்செண்டால் கண் கதையை விடுறன். ஓடாட்டி வியாழக்கிழமை நீங்கள் ஆசுப்பத்திரிக்கு வரவேணும். பக்கீர் நானா சாட்சி."

இவ்வளவு இலகுவாக அவள் எதையும் விட்டுத்தந்தது கிடையாது. நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

புதுப் பற்றறி போட்டேன். பற்றறித் தகட்டில் பிடித்த கறள் சுரண்டினேன். அளவெடுக்கத் தேவை இருக்கவில்லை. முன்வாசல் கதிரையில் இருந்து குசினிக்கு வழி எனக்கு மனப்பாடம். முன்னால் ஒன்பது, இடப்பக்கம், நாலு. மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன். மூன்று தரமும் நேரே குசினி வாசல்.

புதன்கிழமை பின்னேரம் பக்கீர் வந்தான். மூதூர்க்காரன். ஞானமணிக்கு அண்ணன் முறை, அதுதான் 'நானா'. இப்போது எனக்குப் பக்கத்து வீடு.

"வா பக்கீர். இரு."

"இருக்கிறன் மச்சான்."

இருந்தான். தேத்தண்ணி குடித்தான். பிறகு எழும்பிப் போய் ஞானமணியோடு குசினி வாசலில் நின்றான். பின்கதவால் வெயில் கண்ணுக்கு நேரே அடித்தது. எனக்கென்ன? பொத்தான்கள் விரலுக்குத் தெரியும். கோப்பையை ஏற்றினேன். சிவப்பை அமத்தினேன்.

கிர்ர் என்று போனது. ஒன்று. இரண்டு. ஐந்து.

டொக்.

கோப்பை உருண்டது. கார் நின்ற இடத்தில் உறுமியது. பிறகு, சொன்ன சொல் தவறாமல், இடப்பக்கம் திரும்பிப் போய்ச் சுவரில் தலையை இடித்தது.

"என்னத்தில முட்டினது?" ஞானமணி மெதுவாகக் கேட்டாள்.

"மேசைக்காலில."

"வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ."

"மேசைக்காலில எண்டு சொல்லுறன்! நீ மேசையை அரக்கிப்போட்டாய்!"

பக்கீர் தொண்டையைச் செருமினான்.

"மச்சான், மேசை நிண்ட இடத்திலதான் நிக்குது. அது கதிரை."

"என்ன கதிரை?"

"வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை. என்ர வீட்டுக் கதிரை. தலையில வைச்சுத்தான் கொண்டு வந்தனான். உனக்கு முன்னாலதான் நடு அறையில வைச்சனான். நீ 'இரு' எண்டாய். அதிலதான் இருந்தனான்."

"கள்ளம்! கள்ள விளையாட்டு! கதிரை தெரிஞ்சிருந்தால் நான் காரைச் சுத்திப் போக விட்டிருப்பன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றாள் ஞானமணி.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. காரைத் தூக்கிவந்து பக்கத்தில் இருந்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இதுக்குக் கண் இல்லை. எண்ணி எண்ணிப் போகுது. நீங்களும் ஒரு வருசமா எண்ணி எண்ணித்தான் குசினிக்கு வாறீங்கள். பதினாலு அடி, பேந்து இடப்பக்கம். வாய் அசையிறது எனக்குத் தெரியும். அதாலதான் ஒரு வருசமா நான் இந்த வீட்டில ஒரு சாமானும் அரக்கேல்லை."

பக்கீர் கூரையைப் பார்த்தான். நான் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

"பயமோ?" என்று கேட்டாள்.

"ஆருக்கு? எனக்கோ?"

"எனக்கு. எனக்குப் பயமா இருக்கு. தனிய ஆசுப்பத்திரிக்குப் போக ஏலாது. துணைக்கு வாறீங்களோ?"

பயந்த பொம்பிளையைத் தனியாக விடுகிற ஆள் இல்லை நான்.

"வாறன்," என்றேன். கண் என்னுடையது என்பது கொஞ்சம் பிந்தித்தான் ஞாபகம் வந்தது.

வியாழன் காலை ஆறு மணி.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ. சேட்டைப் போடுங்கோ. முன்னால வாங்கோ. இடப்பக்கம் திரும்புங்கோ. ஓட்டோ நிக்குது, ஏறுங்கோ."

எழும்பினேன். போட்டேன். வந்தேன். திரும்பினேன். ஏறினேன்.

எங்கள் வீட்டில் சொன்னதைச் செய்கிற சாமான் இப்போது இரண்டு.