குற்றாலிங்கத்தின் ஈரத்தலை

"என்ன அண்ணாச்சி, தலையெல்லாம் ஈரம்?" என்று ஆசிக் கேட்டபோது குற்றாலிங்கம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆபீஸ் மாடியில் இருக்கும் ஜிம்மில் வேர்த்து விறுவிறுத்து, அங்கேயே குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில் என்ன கேவலம்?

கேவலம்தான். ஜிம் திறந்த அன்று, "வயக்காட்டு வம்சத்துக்கு ஜிம் எதுக்குலே? இரும்பைத் தூக்கித் தூக்கி அதே இடத்துல வைக்கதுக்கா?" என்று தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்படி சிரித்தவர் அவர். டிரெட்மில்லில் ஏறிய ஆளுக்குச் செக்குமாடு என்று பேர் வைத்தவரும் அவரே. அதன்பிறகு அந்தப் பக்கம் ஈ காக்கா அண்டவில்லை.

அப்புறம் டாக்டர் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஜிம்முக்குப் போவது? ஆள் வருமுன்னே, விடிந்ததும் விடியாததுமாகத் திருட்டுத்தனமாகப் போய் வந்துகொண்டிருந்தார்.

"அருவியில குளிச்சிட்டு வாரேன்லே."

"தண்ணி எப்படி விழுது?"

"ஜோரா விழுது."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "கூட்டமே இல்ல. வீட்டாளுகளக் கூட்டிட்டுப் போயிட்டு வா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆசிக் புது மாப்பிள்ளை. மறுநாளே லீவு போட்டு, மாமனார் குடும்பத்தை வேனில் ஏற்றிக் குற்றாலம் போனான்.

அதற்கு அடுத்த நாள் ஆபீசுக்குள் நுழையும்போதே கத்தினான். "நல்லா இருக்கா அண்ணாச்சி இது? வெள்ளம், குளிக்கத் தடைன்னு வாட்சப்புல வந்துச்சு. அண்ணாச்சியே குளிச்சிட்டு வந்திருக்காருல்லான்னு நம்பிப் போனேன். உடம்பு பூரா எண்ணெயத் தேச்சிட்டு நின்ன மாமனாரைப் போலீஸ்காரரு வெரட்டிட்டாரு. எண்ணெயோடயே வீட்டுக்கு வந்தாரு. எங்கிட்டப் பேசவே மாட்டேங்காரு!"

"மெயின் அருவிக்கா போன? நான் சொன்னது ஐந்தருவில்லா?"

"அங்கனயும் தடை."

"பழைய அருவி..."

"அங்கன வச்சுதான வெரட்டுனாரு!"

சத்தம் கேட்டு மேனேஜர் வித்யாலட்சுமி அறையிலிருந்து வெளியே வந்தார். "தடை போட்ட அருவியிலயா போய்க் குளிச்சீங்க? போலீஸ் கேஸ் ஆச்சுன்னா ஆபீஸ் பேருல்லா கெடும்?"

குற்றாலிங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். பொய்யை இன்னும் நீட்டினால் போலீஸ், நிறுத்தினால் மானம். மானம்தான் போகட்டும் என்று முடிவு செய்தார்.

"மேடம், நான் அருவிப் பக்கமே போவல. தினமும் விடியக்காலம் நம்ம ஜிம்முக்குத்தான் வாரேன். இங்கனதான் குளிக்கேன்."

சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆபீசே விழுந்து விழுந்து சிரிக்கும் என்று காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மேனேஜரும் ஏனோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த முப்பிடாதியம்மாள்தான் நிமிர்ந்தாள்.

"அப்பாடி! மேடம், சார் கிண்டலுக்குப் பயந்து ஜிம்முல ஆள் சத்தம் கேட்டாலே டெய்லி ஸ்டோர் ரூமுக்குள்ள ஒளிஞ்சு நிப்பியளே, நாளையில இருந்து தைரியமா வெளிய வந்தே டிரெட்மில்லுல நடங்க!"