படகுக்குப் பின்பக்க ஆதரவு

சக்கரத்தைக் கண்டுபிடித்தது மனித குலம். படகைக் கண்டுபிடித்ததும் அதே மனித குலம்தான். ஆனால் படகுக்கு ஒரு குழு, அதை ஏற்றிச் செல்லும் சக்கரத்துக்கு இன்னொரு குழு என்று பிரித்து, இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமலே வேலையை முடித்த பெருமை எங்கள் நீர்நிலைப் பாதுகாப்புத் துறைக்கே உரியது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் எங்கள் கூட்ட அரங்கை ஒருமுறை வந்து பார்க்கலாம். குளுகுளு வசதி உண்டு. கவனம் சிதறக் கூடாது என்று ஏரிப் பக்கம் ஜன்னல் வைக்கவில்லை.

அந்தத் துறையின் விளம்பரப் பிரிவில் நான் உதவியாளன். எங்கள் தலைவரின் பதவிப் பெயர் 'இயக்குநர்'. பதவியேற்ற நாளிலேயே அந்தச் சொல்லை அதன் முழு அர்த்தத்தில் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். கோப்பில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு கை விரல்களையும் சட்டம்போல் மடக்கி, அதன் வழியாகக் கோப்பை ஒரு கண்ணால் பார்ப்பார். காட்சி சரியாக அமைந்தால்தான் கையெழுத்து. இன்னொரு நற்குணமும் அவருக்கு உண்டு. கூட்டக் குறிப்பில் ஓர் ஆங்கிலச் சொல்கூட இருக்கக் கூடாது. 'பைல்' என்று எழுதிய தட்டச்சரை ஒரு வாரம் யாருடனும் பேசாமல் இருக்க வைத்தவர் அவர்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் ஏரியில் ஒருவர் மூழ்கிப்போனார். துறை மின்னல் வேகத்தில் செயல்பட்டு, அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஒரு மீட்புப் படகை வாங்கிவிட்டது. சின்ன அலுமினியப் படகு. பதினாலு அடி நீளம். பின்பக்கம் தொங்கவிட ஒரு மோட்டார். அதை ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துப்போக ஒரு டிரெய்லர். டிரெய்லரும் பதினாலு அடி. படகுக் குழுவும் டிரெய்லர் குழுவும் பேசி வைத்துக்கொள்ளாமலே இரண்டும் ஒரே நீளம் என்று தெரிந்தபோது அரங்கில் பலருக்குக் கண் கலங்கிவிட்டது.

படகு ஓட்டும் வேலை என் மச்சினனுக்குக் கிடைத்தது. என் மனைவியின் ஒரே தம்பி. ஊரில் அவனுக்கு 'மோட்டார்' என்று பெயர். படகால் வந்த பெயர் இல்லை. பேச ஆரம்பித்தால் அணைக்க முடியாது. அதனால் அவன் பேசத் தொடங்கியதும் கேட்பவர்கள் தலையாட்டிக்கொண்டே வேறு எதையாவது நினைக்கப் பழகிவிட்டார்கள்.

ஒரு மாலை அவன் என் மனைவியின் தையல் கடைக்கு மூச்சு வாங்க வந்தான். நானும் அங்கேதான் காஜா போட்ட சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, உங்க ஆளுங்க டிரெய்லரை எப்படி அளந்தாங்க தெரியுமா? முன்னாடி ஜீப்புல மாட்ற கொக்கி இருக்குல்ல, அங்கேருந்து அளந்திருக்காங்க. படகு உட்கார்றது அந்தக் கம்பியிலயா? பின்னாடி இருக்கிற ரெண்டு நீளப் பலகையில மாமா! அந்தப் பலகை படகு முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. பின்பக்கம் அந்தரத்துல நிக்குது."

என் மனைவி கத்தரிக்கோலை வைத்தாள். "சட்டைக்கு அளவு எடுக்கச் சொன்னா ஹேங்கரையும் சேர்த்து அளந்திருக்காங்களா?"

"அதேதான்க்கா! குட்டைக் கட்டில்ல நெட்டையன் படுத்த கதை. கால் தொங்கினாப் பரவாயில்ல, அந்தக் காலுல ஒரு மோட்டாரையும் கட்டித் தொங்கவிட்டா? ரோட்டுல ஒவ்வொரு குழிக்கும் அது குதிக்கும். அலுமினியம் சும்மா தகடுதான். பலகை முடியற இடத்துல மடங்கும், ரிவெட் ஆணியெல்லாம் விட்டுப்போகும். அப்புறம் தண்ணியில இறக்கினா நான் படகை ஓட்ட மாட்டேன், படகுதான் என்னை ஓட்டிட்டுப் போகும். நேரா கீழே."

"சரி பண்ண முடியாதா மாப்ள?"

"ஒரு மத்தியான வேலை மாமா. பின்னாடி சட்டத்தை நீட்டி வெல்டிங் வெச்சு, பலகையை மோட்டார் வரைக்கும் கொண்டுபோய்ப் போடணும். யாராவது சரின்னு சொன்னாப் போதும்."

என் மனைவி அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "அதுல உட்காரப் போறது என் தம்பி. எனக்கு வேற யாரும் கிடையாது. ஆபீஸ்ல சொல்லி சரி பண்ணுங்க." அவள் குரல் இறங்கியிருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் இயக்குநரின் நேரடித் தொலைபேசியிலேயே மச்சினனைப் பேசச் சொன்னேன். நான் இயக்குநரின் பக்கத்தில் நின்றேன். இயக்குநர் கருவியை ஒலிபெருக்கியில் போட்டார். அந்த வாரம் அவருடைய சிந்தை முழுவதும் ஒரே விஷயத்தில்தான் இருந்தது. படகின் அறிமுக விழாவுக்காக அவரே எழுதி, அவரே இயக்கி, கடைசிக் காட்சியில் அவரே ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு குறும்படம் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் டிரெய்லர் முந்தைய நாள்தான் வெளியாகியிருந்தது.

"சார், டிரெய்லர் பார்த்தேன் சார்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அப்படியா! எப்படி இருக்கு? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

"நீளம் பத்தல சார்."

"நானும் அதைத்தான் சொன்னேன்! எடிட்டிங்ல நல்ல நல்ல இடத்தையெல்லாம் வெட்டிட்டாங்க."

"வெட்டிட்டாங்களா? அதான் குட்டையா இருக்கு! பின்னாடி சப்போர்ட்டே இல்ல சார். இப்படியே விட்டா முங்கிடும்."

"முங்க விடுவோமா? நீளத்தைக் கூட்டுறோம். சப்போர்ட்டைத் திரட்டுறோம். தைரியமா இருங்க."

"ரொம்ப நன்றி சார்!" என்றான் மச்சினன். அவன் வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் பேச்சை முடித்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலையே அவசரக் கூட்டம். கூட்டக் குறிப்பு தூய தமிழில் எழுதப்பட்டது. டிரெய்லர் 'முன்னோட்டம்' ஆயிற்று. சப்போர்ட் 'ஆதரவு' ஆயிற்று. "முன்னோட்டத்தின் நீளம் போதவில்லை என்றும், படகுக்குப் பின்பக்க ஆதரவு இல்லை என்றும் களப்பணியாளர் தெரிவித்த கருத்து கனிவுடன் ஏற்கப்பட்டது." அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியுமா? ஒற்றுகூட மிகவேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது.

நான் எழுந்தேன். "ஐயா, அவர் சொன்னது படகு ஏத்துற வண்டியை."

"நானும் அதைத்தான்யா சொல்றேன். முன்னோட்டம் நல்லா இருந்தாத்தான் இந்த வண்டி ஓடும்."

"பின்பக்கம் தொங்குதுங்க ஐயா."

"தொங்கட்டும். என்ன ஆகுமோன்னு கடைசி வரைக்கும் தொங்கணும். அதுக்குப் பேர்தான் விறுவிறுப்பு."

மச்சினனையே அரங்குக்கு அழைத்து வந்தேன். அவன் பேச ஆரம்பித்ததும் வழக்கம்போல எல்லாரும் தலையாட்டத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் அவன் மேசையிலிருந்த ஓர் அடிக்கோலை எடுத்து, தீப்பெட்டியின் மேல் வைத்து, வெளியே நீண்டிருந்த நுனியில் ஓர் அழிப்பானை வைத்தான். அடிக்கோல் சாய்ந்து விழுந்தது.

இயக்குநர் விரல்களை மடக்கிச் சட்டம் போட்டார்.

"பிரமாதம்! இன்னொரு தடவை பண்ணுங்க. மெதுவா விழணும்."

முன்னோட்டத்தில் அந்தக் காட்சி சேர்க்கப்பட்டது. நீளமும் கூடிற்று. அடுத்தது ஆதரவு. அதற்கு இயக்குநர் கண்ட வழியை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. படகை மோட்டாரோடு டிரெய்லரில் ஏற்றி, ஊரின் எல்லாத் தெருக்களிலும் 'ஆதரவு ஊர்வலம்' விடுவது!

ஊர்வலம் நடந்தது. ஒலிபெருக்கி முழங்கியது. பள்ளிக்கூடத் தெரு, ஆஸ்பத்திரித் தெரு, பஸ் நிலையச் சாலை என்று எங்கெல்லாம் வேகத்தடை உண்டோ அங்கெல்லாம் ஜனத்திரள். ஜீப் ஒவ்வொரு தடையிலும் ஏறி இறங்க, மோட்டார் துள்ளித் துள்ளி மக்களுக்கு வணக்கம் வைத்தது. படகுக்குள் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஜனங்கள் அதை மேளமென்று நினைத்துக் கைதட்டுவார்கள். மச்சினன் ஜீப்பின் பின்னாலேயே ஓடிவந்தான். "மெதுவா! மெதுவா!" என்று அவன் கத்தியதை, வேகக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் என்று போக்குவரத்துப் பிரிவு பாராட்டியது. ஊர் திரண்டு ஆதரவு தரத் தர, படகுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச ஆதரவும் கழன்றுகொண்டிருந்தது.

அன்று இரவு அவன் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"விழாவுல ஓட்ட மாட்டேன்னு சொல்லிடு மாப்ள" என்றேன்.

"சொன்னேன் மாமா. ஓட்டலேன்னா வேற ஆளைப் போடுவாங்களாம். வர்றவனுக்குப் படகோட மூக்கு எது, வால் எதுன்னு தெரியாது. அவன் செத்தே போவான்."

என் மனைவி அவனுடைய மிதவைச் சட்டையை வாங்கி, அதன் வாரையெல்லாம் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள்.

விழா நாள். ஏரிக்கரையில் பந்தல், மேடை, ஒலிவாங்கி. எனக்கு முக்கியமான பொறுப்பு. 'கைதட்டவும்' என்று எழுதிய பெரிய பலகையைச் சரியான தருணத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். படகு நீரில் இறங்கியது. மச்சினன் மோட்டாரை முடுக்கினான். பலகையைத் தூக்கினேன். கைதட்டல்.

கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை. படகின் பின்பக்கம் தாழ்ந்தது. மூக்கு மேலே எழும்பிற்று. மோட்டார் இருமி நின்றது. மச்சினன் டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிவிட்டு, பிறகு எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான்.

"பாருங்க, கையசைக்கிறார்!" என்றார் இயக்குநர் ஒலிவாங்கியில். "நாமும் கையசைத்து ஆதரவைத் தெரிவிப்போம்!"

ஊரே கையசைத்தது. படகு வாலை உள்ளே விட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு போனது. நங்கூரக் கயிறு அவன் காலில் சுற்றியிருந்தது. மிதவைச் சட்டை மேலே இழுக்க, கயிறு கீழே இழுக்க, வாய் தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக அவன் தவித்தான். அந்த நடிப்பைப் பார்த்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"தம்பி!"

என் மனைவி கத்தரிக்கோலோடு தண்ணீரில் பாய்ந்தாள். தையல்காரியின் இடுப்பில் அது எப்போதும் இருக்கும். அவளுக்குப் பின்னால் நானும் விழுந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. கையில் பலகை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உதைத்து உதைத்துப் போய்ச் சேர்ந்தேன். அவள் மூழ்கிக் கயிற்றை வெட்டினாள். நாங்கள் மூவரும் அந்தப் பலகையில் தொங்கிக்கொண்டு கரைக்கு வந்தோம். எங்கள் துறை வாங்கியதில் அன்று உண்மையாக எதையாவது தாங்கிய பலகை அது ஒன்றுதான்.

மச்சினன் மணலில் கவிழ்ந்து படுத்துத் தண்ணீர் கக்கினான். அவனால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவனைப் பேச்சில்லாமல் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இயக்குநர் பரவசத்தோடு இறங்கி வந்தார். "அபாரம்! ஒரே டேக்! ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்று ஒலிவாங்கியை நீட்டினார்.

அதை என் மனைவி வாங்கிக்கொண்டாள். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என் தம்பி முங்கும்போது கைதட்டினீங்களே, எதுக்கு சார்?"

"ஆதரவும்மா! அவர் கேட்ட ஆதரவுதான்!"

"நல்லது சார். படகைத் தூக்கித் திரும்பவும் டிரெய்லர்ல வைக்கச் சொல்றேன். அதே தெருவெல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும். அப்புறம் நீங்க ஏறுங்க. நாங்க எல்லாரும் கரையில நின்னு ஆதரவு தர்றோம்."

நான் பலகையைத் தூக்கவே இல்லை. ஆனாலும் அன்றைக்கு விழுந்த கைதட்டலிலேயே பெரியது அதுதான்.

இளைஞர்கள் சிலர் நீந்திப்போய், மூக்கு மட்டும் மேலே தெரிந்த படகைக் கரைக்கு இழுத்து, டிரெய்லரில் ஏற்றி நிறுத்தினார்கள். ஜீப் தயாராக நின்றது. கூட்டம் இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். டிரெய்லரின் பின்பக்கம் போனார். விரல்களை மடக்கவில்லை. வெறுங்கண்ணாலேயே குனிந்து பார்த்தார்.

"என்னய்யா இது, மோட்டார் இருக்கிற பக்கம் பலகையே இல்ல! இதுல ஏறினா ஆள் செத்துடுவானே!"

எங்கள் இயக்குநரின் கூர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இரண்டு குழுக்களுக்கும், ஒரு தொலைபேசி அழைப்புக்கும், அவசரக் கூட்டத்துக்கும், ஊர்வலத்துக்கும், நீரில் ஆடிய இரண்டு கைகளுக்கும் புரியாத விஷயத்தை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். அதற்குத் தேவைப்பட்டதெல்லாம், ஏறப்போகிறவர் அவராக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.